ஞாயிற்றுக்கிழமைக் கடல்

கடலுக்குக் கிழமை தெரியாது என்று ஒருவர் எனக்கு எழுதினார். அவர் யார், எந்த நாட்டுக்காரர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிடுகிறவர்கள் பெயர் சொல்லாமல்தான் எழுதுவார்கள், எங்கள் தொழிலில் அது வழக்கம். தூத்துக்குடிக் கரையோரக் கடலின் சூட்டைப் பல வருடங்களாக அளந்து நாங்கள் அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டு அவர் இப்படி முடித்திருந்தார்: இந்தக் கடல் ஏழு நாளைக்கு ஒருமுறை திடீரென்று சூடாகிறது. இயற்கையில் வாரம் என்று ஒன்று கிடையாது. ஆகவே ஒன்று கருவி பழுது, அல்லது இந்த எண்கள் அறையில் உட்கார்ந்து எழுதப்பட்டவை.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. அன்று கல்லூரி வராந்தாவில் நான் நடந்த நடையைப் பார்த்து, ஆய்வகத்தில் தண்ணீர் பிடிக்க வந்தவர் குடத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். இன்றைக்கு அதே வாக்கியத்தை என் சொற்பொழிவுகளில் முதல் படமாகத் திரையில் போடுகிறேன். எந்த நாட்டில் போட்டாலும் சபை சிரிக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைச் சம்பாதிக்க நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது சாத்தான்குளம் பக்கம், சிவந்த தேரி மணலும் பனையுமான ஊர். வாத்தியார் வீட்டுப் பிள்ளை. இயற்பியல் படித்தேன். பருவநிலை ஆராய்ச்சி என்று சொல்லி வெளியூர், வெளிநாடு எல்லாம் சுற்றினேன். பெரிய கம்ப்யூட்டர்களில் உலகத்துக் கடல் முழுவதையும் நிறம் நிறமாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. சூடான கடல் சிவப்பு, குளிர்ந்த கடல் நீலம். ஆனால் எங்கள் ஊர் ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய பட்டை எப்போதும் சாம்பலாக இருக்கும். தகவல் இல்லை என்று அர்த்தம்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு நடுக்கடல் நன்றாகத் தெரியும், கரையோரம் வந்தால் தடுமாறும். எங்கள் பக்கம் கடலும் உப்பளமும் ஒட்டிக் கிடக்கின்றன. எது அலை, எது பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீர் என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் பவளப்பாறை இருப்பது அந்தச் சாம்பல் பட்டைக்குள்தான். மீன் குஞ்சு வளர்வது அங்கேதான். முத்து, சங்கு என்று எங்கள் ஊர்க்காரர்கள் மேடை போட்டுப் பெருமை பேசுவதும் அந்தப் பட்டையைப் பற்றித்தான். உலகமே சூடாகிறது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, என் சொந்தக் கரை எவ்வளவு சூடாகிறது என்று சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். புத்தி கெட்டுப் போச்சா என்று கேட்காத உறவுக்காரர் இல்லை.

என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் பெண் கீழவைப்பார்க்காரி. அவளுடைய அப்பா சொந்த வள்ளம் வைத்து மீன்பிடிப்பவர். இப்போது எல்லாம் ஃபைபர் படகு, இருந்தாலும் பேர் வள்ளம்தான். கப்பல் வாங்கிக் கடலை அளக்க எங்களுக்கு வக்கில்லை. அதனால் சுண்டுவிரல் அளவுள்ள வெப்பமானிகளை வாங்கி, வள்ளத்துக்கு அடியில் எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும்படி கட்டிவிடலாம் என்று யோசித்தோம். மாதம் ஒருமுறை கழற்றி, அதில் பதிந்ததை எடுத்துக்கொண்டு திருப்பிக் கட்ட வேண்டியது. அனுமதி கேட்க முதலில் அவள் வீட்டுக்கே போனோம்.

அவளுடைய அப்பா அந்தச் சின்னக் கருவியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எடம் காட்டுத மிசினு ஒண்ணும் இதுல இல்லையே டீச்சர்?”

“இல்ல அண்ணாச்சி. தண்ணி சூடு மட்டும்தான் பதியும்.”

“அப்பச் சரி. எங்கன வல போடுதேன்னு இவ அம்மைக்கே நான் சொன்னது கெடையாது.”

உள்ளே இருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. “கொண்டு வார மீனப் பாத்தா தெரியாதாக்கும், எங்க போயிட்டு வாராவன்னு.”

அவர் கட்டியதைப் பார்த்து அடுத்த வள்ளக்காரர்கள் கேட்டார்கள். கீழவைப்பார் முழுக்கக் கட்டி, வேம்பார் வரைக்கும் போய்விட்டது. படகு எங்கே நிற்கிறது என்று பதியாத கருவி என்பதால்தான் அத்தனை பேரும் ஒத்துக்கொண்டார்கள். கட்டுரையில், கரைக்கும் தீவுகளுக்கும் நடுவில் உள்ள கடல் என்று பொதுவாக எழுதிக்கொண்டோம். அந்த எண்களை வைத்து அவள் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுத ஆரம்பித்தாள். அதன் முதல் பகுதியைத்தான் கட்டுரையாக வெளிநாட்டுக்கு அனுப்பினோம். அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது.

பதிலோடு போயிருந்தால் பரவாயில்லை. விஷயம் எப்படியோ எங்களுக்கு நிதி கொடுத்த அலுவலகத்தின் காதுக்கு எட்டி, விசாரிக்க ஒரு குழுவைப் போட்டுவிட்டார்கள். குழு முடிவு சொல்லும்வரை அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. பொய் எண் என்று முடிவானால் எனக்குத் தலைகுனிவு, அவ்வளவுதான். வயதாகிவிட்டது, வேலை நிரந்தரம், நாலு பேர் நாலு விதமாகப் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள். அவளுக்கோ படித்த வருடங்கள் மொத்தமும் போய்விடும். பொய்யாக எழுதினவள் என்ற பேரோடு வேறு எந்த ஆய்வகத்தின் வாசலையும் அவள் மிதிக்க முடியாது. இன்னும் படிச்சு முடிக்கலையா என்று ஊரில் கேட்பவர்களுக்கு அவளுடைய அம்மா என்ன பதில் சொல்வாள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில், என் அறையில், மறுபடி அந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருந்தோம்.

“ஏளா, ஏழு நாளைக்கு ஒருக்கன்னு சொல்லுதாரே, அது எந்தக் கெழமைன்னு பாத்தியா?” என்று கேட்டேன்.

அவள் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எங்கள் கோப்புகளில் நாட்களுக்கு வரிசை எண்தான் உண்டு, கிழமை கிடையாது. மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்து, திரையில் கோடு மேடாக ஏறும் நாட்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். முதல் மேடு ஞாயிறு. அடுத்ததும் ஞாயிறு. அதற்கு அடுத்ததில் அவள் விரல் நின்றுவிட்டது.

“மேடம், நேத்து எங்க ஊர்ல வள்ளமெல்லாம் எங்க கெடந்துச்சு?”

“எனக்கு எப்பிடித் தெரியும்? நான் கோயில்ல இருந்தேன்.”

“நானும் கோயில்லதான் மேடம் இருந்தேன்.”

அவள் போனது கத்தோலிக்கப் பூசை, நான் போனது எங்கள் மிஷன் கோயில் ஆராதனை. கடற்கரையில் அன்று யாரும் இல்லை. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். வள்ளங்களை எல்லாம் கரையை ஒட்டி, முழங்காலளவு தண்ணீரில் நங்கூரம் போட்டு நிறுத்திவிடுவார்கள். மற்ற நாட்களில் தீவுப் பக்கம் ஆழத் தண்ணீரில் திரிகிற வெப்பமானி, ஞாயிறு அன்று மட்டும் பகல் முழுக்கக் கரையோரம் நிற்கும். ஆழம் குறைந்த தண்ணீர் வெயிலில் சீக்கிரம் காயாதா? தூத்துக்குடியில் ரோட்டில் போகிற எவரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். அதனாலேயே அதைக் கட்டுரையில் எழுத எங்களுக்குத் தோன்றவில்லை. இட்லிக்கு மாவு வேண்டும் என்று யாராவது எழுதி வைப்பார்களா? இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அவளுக்கு அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாகவும் மாறியது. நான் பார்க்காத மாதிரி காலண்டரை மறுபடி ஆணியில் மாட்டினேன்.

குழுத் தலைவரிடம் சொன்னோம். சென்னைக்காரர், நல்ல மனிதர், ஆனால் விவகாரம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருப்பவர்.

“அப்படின்னா ரொம்ப சுலபம் மேடம். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் டேட்டாவிலேர்ந்து எடுத்துடுங்க. மீதி எல்லாம் சுத்தமா இருக்கு. நாங்களும் ரிப்போர்ட்ட முடிச்சிடறோம், பொண்ணும் தீசிஸ் கொடுத்துடலாம்.”

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வீம்பு பிடிப்பது நான், விலை கொடுப்பது அவள். ஆகவே அவளிடமே கேட்டேன். இன்றைக்கே தலையாட்டினால் அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று எதையும் மறைக்காமல் சொன்னேன்.

“தப்புன்னு எடுத்துப் போட்டா, எங்கப்பா வள்ளம் பொய் சொல்லிச்சுன்னுல்லா ஆவும். வேண்டாம் மேடம்.”

என் மகள் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்திருக்காது. பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த ஞாயிறுகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தோம். பார்க்கப் பார்க்க எனக்குப் புல்லரித்தது. கருவிப் பழுதால் வந்த கோளாறு என்றால் எல்லா ஞாயிறும் மேடாகத்தானே இருக்க வேண்டும்? ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மேடு பள்ளமாகியிருந்தது. கரையோரத் தண்ணீர் வெயிலில் சட்டென்று சூடாகும், மழையில் சட்டென்று ஆறிவிடும். தட்டில் ஊற்றிய காப்பியும் செம்பில் இருக்கும் காப்பியும் போல. ஆக, பதிந்தது தண்ணீரின் சூடுதான். அதுவும் எந்தத் தண்ணீர்? நான் வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டுத் தேடி வந்த அதே சாம்பல் பட்டை. வாரா வாரம், ஊர் ஊராக, எங்கள் எல்லாக் கருவிகளும் ஒரே நாளில், ஒரே இடத்தில், யாரும் சொல்லாமலே போய் அதற்குள் நின்றிருக்கின்றன. உலகத்தில் எந்த ஆய்வுக் கப்பலும் அப்படி அளந்து கொடுக்காது. எடுத்துப் போடச் சொன்ன நாட்கள்தான் மொத்தத்திலும் விலை மதிப்பானவை.

தலைவருக்குப் போன் செய்தேன். குழு நேரில் வந்து பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும் என்றேன்.

“ஞாயிற்றுக்கிழமை லீவு மேடம்.”

“ஆமா சார். அதைத்தான் நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

மறுமுனையில் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. வரும் ஞாயிறே வருகிறேன் என்றார்.

வந்தார்கள். பூசை முடிந்து ஊர்ச்சனம் வீடு திரும்பிய பிறகு கரைக்குக் கூட்டிப் போனோம். வள்ளங்கள் வரிசையாக ஆடிக்கொண்டு நின்றன. தலைவர் பேண்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு தாமே தண்ணீரில் இறங்கினார், அதற்காக அவருக்கு என் மனதில் எப்போதும் மரியாதை உண்டு. தாம் கொண்டுவந்த வெப்பமானியை ஒவ்வொரு வள்ளத்தின் பக்கத்திலும் பிடித்து அளந்தார். எங்கள் கருவிகளைக் கழற்றி அதே நேரத்துக்கு என்ன பதிந்திருக்கிறது என்று ஒப்பிட்டார். ஒட்டிப் போயிற்று. ஆனாலும் அவர் முகத்தில் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. இன்றைக்கு எங்களுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்களோ, எல்லா ஞாயிறும் இப்படித்தானா என்று கேட்காமல் கேட்டார்.

அவளுடைய அப்பா விடவில்லை, எல்லோரையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். கடற்கரை வீட்டுச் சாப்பாடு என்றதும் குழுவில் ஒருவருக்கு முகமெல்லாம் பல். இலையில் வந்தது கோழிக் குழம்பு. அவர் இலையைப் பார்த்தார், அவளுடைய அம்மாவைப் பார்த்தார், மறுபடி இலையைப் பார்த்தார்.

“மீன் இல்லீங்களா?” என்று தலைவரே கேட்டுவிட்டார்.

அந்த அம்மா கரண்டியோடு நின்று அவரைப் பாவமாகப் பார்த்தாள். “ஞாயித்துக்கெழம மீனுக்கு நான் எங்கய்யா போவேன்? இங்கன எந்த ஞாயித்துக்கெழம யாரு கடலுக்குப் போயிருக்கா? எல்லா வீட்டுலயும் இன்னைக்குக் கோழி இல்லாட்டா கறிதான்.”

தலைவர் சிரிக்க ஆரம்பித்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை விட்டு விட்டுச் சிரித்தார். அடுத்த வாரமே, எண்கள் உண்மையானவை, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்று அறிக்கை வந்துவிட்டது. அறிக்கையில் கோழிக் குழம்பைப் பற்றி எதுவும் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கட்டுரையைப் புதிதாக எழுதினோம். தலைப்பிலேயே ஞாயிற்றுக்கிழமையை வைத்தேன், ஒரு ஆத்திரத்தில்தான். அதே பெயரில்லாத மதிப்பீட்டாளருக்கே அது மறுபடி போனது. இந்த முறை அவர் எழுதியது சின்னக் குறிப்பு: படகுக்குக் கிழமை தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை, அப்படியே வெளியிடலாம். அவர் மேல் இருந்த கோபம் அந்த நிமிடமே இறங்கிவிட்டது. தப்பை ஒத்துக்கொள்கிறவரோடு எனக்குச் சண்டை கிடையாது.

அதற்கப்புறம் நடந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்காகப் படகைக் கரையில் நிறுத்தும் கடற்கரைகளிலிருந்து வெள்ளிக்கிழமை எண்களோடு கட்டுரைகள் வந்தன. பௌர்ணமிக்கு வலை போடாத தீவுக்காரர்களிடமிருந்து ஒன்று வந்தது. ஏரிகளில் அளந்தார்கள், ஆற்று முகத்துவாரங்களில் அளந்தார்கள். கரையோரக் கடலை அளக்க வேண்டுமானால் முதலில் அந்த ஊரார் என்றைக்கு ஓய்வெடுப்பார்கள் என்று கேளுங்கள் என்பது இப்போது இத்துறையில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். எங்கள் கட்டுரையைக் குறிப்பிடாமல் யாரும் அதைப் பற்றி எழுதுவதில்லை. உலக வரைபடத்தில் எங்கள் ஓரத்துச் சாம்பல் பட்டைக்கு நிறம் வந்துவிட்டது. சிவப்புத்தான், சந்தோஷப்படுகிற நிறம் இல்லை. ஆனாலும் தெரியாமல் சூடாவதற்கும் தெரிந்து சூடாவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒரு கோடையில் எங்கள் ஞாயிறு எண்கள் மளமளவென்று ஏறியதைப் பார்த்து, தீவுப் பக்கம் புதிதாகப் பவளம் நடவிருந்தவர்களைத் தடுத்து, தண்ணீர் ஆறிய பிறகு நடச் சொன்னோம். நட்டது பிழைத்தது. நான் அடக்கமான மனுஷி இல்லை, இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன்.

இதற்கெல்லாம் முன்னால், அவளுடைய வாய்மொழித் தேர்வு ஒரு புதன்கிழமை நடந்தது. அது எல்லோரும் வந்து கேட்கக்கூடிய தேர்வு, யார் வேண்டுமானாலும் கேள்வியும் கேட்கலாம். பொதுவாக நாலு பேர் வருவார்கள், காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். அன்று கீழவைப்பாரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பட்டுச்சேலை கட்டிய பெண்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டதால் பேராசிரியர்கள் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் குடைந்து குடைந்து கேட்டார். அவள் ஒன்றுக்கும் அசரவில்லை. கடைசியில், சபையில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டதும், வெள்ளை வேட்டி சட்டையில் அவளுடைய அப்பா எழுந்தார்.

“நீங்க சொன்னதெல்லாம் சரி. இந்தச் சூடு இனி கொறையுமா, கொறையாதா? அத மட்டும் சொல்லுங்க.”

மகளை அவர் நீங்கள் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

“இப்போதைக்குக் கொறையாதுப்பா,” என்றாள் அவள். “ஆனா ஏறப்போவுதுன்னா முன்கூட்டியே சொல்லிருவேன்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறோம் என்று தேர்வாளர் அறிவித்தபோது முன்வரிசைப் பெண்கள் கை தட்டியதில் அவர் பேச்சின் மிச்சம் யாருக்கும் கேட்கவில்லை. நான் அழுதேன். வெளிநாட்டு மேடைகளில் எனக்கு மாலை போட்டபோதெல்லாம் வராத அழுகை.

அந்த மாதம் முடிந்ததும் வழக்கம்போல கருவிகளைக் கழற்றிக் கொண்டுவந்தோம். எண்களைத் திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“மேடம், இங்கன வாங்க.”

நாலு ஞாயிறுகளுக்கு நாலு மேடு சரியாக இருந்தது. அவற்றுக்கு நடுவில் இன்னொரு மேடு. ஒரு புதன்கிழமை. வேனில் வந்தவர்களின் வள்ளங்கள் மட்டும் நின்றிருந்தால் சில கோடுகளில்தான் ஏறியிருக்கும். கீழவைப்பாரில் நாங்கள் கருவி கட்டிய எல்லா வள்ளத்திலும் ஏறியிருந்தது. அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, ஏன் என்று கேட்டேன்.

“ஊர்ல ஒரு விசேஷம்னா நாங்க யாரும் கடலுக்குப் போவ மாட்டோம்லா டீச்சர்,” என்றார், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

அடுத்த கட்டுரையில் அந்தப் புதன்கிழமைக்கு ஒரு அடிக்குறிப்பு எழுதினேன். இது அவசியமா என்று பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். எழுதாமல் விட்டால் எண்களை உட்கார்ந்து எழுதினோம் என்று சொல்வார்கள் என்று பதில் அனுப்பினேன். ஒரு எழுத்தையும் மாற்றாமல் அச்சிட்டார்கள்: அன்று கீழவைப்பாரில் யாரும் கடலுக்குச் செல்லவில்லை. ஊர்ப் பெண் ஒருத்தி டாக்டர் ஆனாள்.